ஏஆர் ஹெட்செட்டில் மகால் தூண்கள் ஏன் ஆவி போலத் தெரிகின்றன?

மதுரையில் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. திருமலை நாயக்கர் மகாலில் இன்று இல்லாத பகுதிகளை ஏஆர் ஹெட்செட்டில், அதாவது உண்மைக் காட்சியின் மேல் கணினி உருவங்களைச் சேர்த்துக் காட்டும் தலைக்கருவியில், நிற்க வைத்துக் காட்டுவது அவருடைய புராஜெக்ட். கல்லூரியில் இருப்பது கண்ணாடி வழியாக எதிரே பார்க்கும் வகை ஹெட்செட். அவர் சொல்வது: "லேப்டாப்பில் அருமையாக இருக்கிறது. ஹெட்செட்டில் தூண்கள் ஆவி மாதிரி, பின்னால் இருப்பதெல்லாம் ஊடே தெரிகிறது. நிழல் விழவே இல்லை. முற்றத்து வெயிலுக்குப் போனால் எல்லாமே மறைந்துபோகிறது. அப்பத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன், எழுத்து ஆடுதுன்னு சொன்னாங்க. தமிழ் எழுத்துகள் உடைந்தும் வருகின்றன. அடுத்த மாதம் காலை 11 மணிக்குத் தேர்வாளர்களுக்கு முற்றத்தில் காட்ட வேண்டும். எங்கே தப்பு?"

உங்கள் நிரலில் பெரிய தப்பு எதுவும் இருக்கும் என்று தோன்றவில்லை. லேப்டாப் திரைக்காகச் செய்த உருவத்தை அப்படியே ஹெட்செட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

ராத்திரி பெரியார் நிலையத்தில் பஸ் ஏறித் திருமங்கலம் போகிறீர்கள் என்று வையுங்கள். ஜன்னல் கண்ணாடி மூடியிருக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது. பஸ் ஒரு கண்மாய்க் கரையைக் கடக்கும்போது வெளியே கும்மிருட்டு. கண்ணாடியில் உங்கள் முகம் பளிச்சென்று தெரியும். அடுத்த நிமிஷம் ஒரு பெட்ரோல் பங்க் வருகிறது. முகம் போய்விடும், பங்க்தான் தெரியும். அது தாண்டியதும் முகம் திரும்ப வந்துவிடும். உங்கள் முகத்தில் இருந்து வரும் வெளிச்சம் இத்தனை நேரமும் ஒரே அளவுதான். மாறியது வெளியே இருந்த வெளிச்சம்.

இன்னும் ஒன்றையும் அங்கேயே பார்க்கலாம். கண்ணாடியில் தெரியும் முகத்தில் தலைமுடி இருக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே முடி தெரியாது, ரோட்டோரப் புளியமரம் தெரியும். முடி கறுப்பு, அதில் இருந்து வெளிச்சம் வருவதில்லை. வெளிச்சம் வராத இடத்தில் கண்ணாடி வெறும் கண்ணாடிதான்.

உங்கள் ஹெட்செட்டும் இந்த ஜன்னல்தான். கண் ஓரத்தில் இருக்கும் குட்டி புரொஜெக்டர் படத்தைக் கண்ணாடித் தகட்டுக்குள் அனுப்புகிறது. தகட்டின் ஓரத்தில் இருக்கும் நுண்ணிய வரிகள் ஒளியை உள்ளே திருப்பிவிடும். ஒளி தகட்டின் இரு பக்கமும் முழு அகப் பிரதிபலிப்பாக மோதி மோதி நகர்ந்து, கண்ணுக்கு எதிரே உள்ள இன்னொரு வரித் தொகுப்பு வழியாக வெளியே வரும். இதை அலைவழிகாட்டி என்பார்கள். இந்தப் பயணத்தில் பெரும்பங்கு ஒளி வீணாகிறது. மிஞ்சியது எதிரே இருக்கும் காட்சியின் மேல் கூடுகிறது. கூட்ட மட்டுமே முடியும், கழிக்க முடியாது. உங்கள் தூண் பின்னால் இருக்கும் சுவரை மறைப்பதில்லை, சுவரின் வெளிச்சத்தோடு தன் வெளிச்சத்தைச் சேர்க்கிறது. ஆவி மாதிரி தெரிவதற்குக் காரணம் இதுதான். லண்டன் மேடையில் 1862ல் ஜான் ஹென்றி பெப்பர் சாய்த்து வைத்த கண்ணாடியால் ஆவியை வரவழைத்ததும் இதே இயற்பியல்தான். கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் 1968ல் செய்த முதல் தலைக்கவசத் திரையும் பாதி வெள்ளி பூசிய கண்ணாடி வழியாகத்தான் காட்டியது. பாரம் தாங்காமல் அதைக் கூரையில் இருந்து தொங்கவிட வேண்டியிருந்தது.

இனி வெயில். இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் புராஜெக்ட் நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான். நம் ஊர் உச்சி வெயில் தரையில் விழும்போது ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு). மகாலின் சுண்ணாம்புச் சுதை மாதிரி வெளிர்ப் பரப்பு அதில் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்தால், அந்தப் பரப்பின் பொலிவு சுமார் 25,000 நிட் (பரப்பில் இருந்து கண்ணுக்கு வரும் பிரகாசத்தின் அளவு). உங்கள் ஹெட்செட் கண்ணுக்குத் தருவது 500 நிட் என்று வைத்துக்கொள்வோம். 25,000த்தோடு 500 சேர்த்தால் கூடுவது வெறும் 2 சதவீதம். தூண் "மறைந்துபோகிறது" என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த 2 சதவீதத்தைத்தான். இதே 500 நிட்டை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் உள்பக்கம் 50 லக்ஸ் வெளிச்சத்தில் நில்லுங்கள். அதே சுண்ணாம்புச் சுவரின் பொலிவு இப்போது சுமார் 13 நிட். உங்கள் தூண் சுவரைவிட 40 மடங்குக்கு நெருக்கமாகப் பிரகாசமாக இருக்கும், பின்னால் இருப்பது ஊடே தெரிவதும் ஏறக்குறைய நின்றுவிடும். ஒரே கருவி, ஒரே மாடல். நீங்கள் நடந்தது இருபது அடி.

ஆகவே மாடலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு லக்ஸ் மீட்டர் எடுத்துக்கொண்டு மகாலைச் சுற்றி வாருங்கள். கிடைக்காவிட்டால் போனில் ஒரு ஆப் போதும், தோராயம் தெரிந்தால் சரி. எந்த இடம் எத்தனை மணிக்கு எவ்வளவு என்று தரைப்படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தூணை எங்கே நிறுத்துவது என்பதை வரலாறு ஒரு பக்கம் சொல்லும், இந்தப் படம் இன்னொரு பக்கம் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகும் இடங்களில்தான் உங்கள் காட்சி எடுபடும். பார்ப்பவர் எந்தப் பக்கம் திரும்பி நிற்பார் என்பதும் முக்கியம். முற்றத்தைப் பார்த்து நின்றால் பின்னணி வெயில். முற்றத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் பின்னணி இருட்டு மண்டபம்.

நிழலுக்கு வருவோம். நிழல் என்பது கறுப்பு. கறுப்பு இந்தக் கருவியில் 'ஒன்றும் இல்லை'. அதனால் நேரடியாக நிழல் போடவே முடியாது. ஆனால் சுற்றி வளைத்துப் போடலாம். தூணின் அடியில் தரையில் மிக மங்கலான ஒளிப் படலம் ஒன்றை விரியுங்கள், ஓரங்கள் மெல்லக் கரைந்துபோகட்டும். அதில் நிழல் விழ வேண்டிய வடிவத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். சுற்றுப்புறம் ஒரு துளி பிரகாசமாவதால் வெட்டிய இடம் கண்ணுக்கு இருண்டு தெரியும். முதல் தடவை இதைச் செய்து பார்த்தபோது நான் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தேன், அந்த அளவுக்குத் தூண் தரையில் பதிந்து நின்றது. நிழல் இல்லாத தூண் எத்தனை அழகாக இருந்தாலும் மிதந்துகொண்டுதான் இருக்கும். எனவே சிற்ப வேலைப்பாட்டில் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

கறுப்பு தெரியாது என்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. உண்மையான தூணுக்குப் பின்னால் உங்கள் மெய்நிகர்த் தூண் நிற்க வேண்டும் என்றால், முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்க வேண்டும். ஹெட்செட் தானாக அளந்து தரும் வலைப்பரப்பு கரடுமுரடாக இருக்கும், உருண்டைத் தூணை மூட்டை மாதிரி காட்டும். அதை நம்பாதீர்கள். மகால் தூண்கள் நமக்குத் தெரிந்தவை, அசையாதவை, உருளை வடிவம். ஒவ்வொன்றும் நிற்கும் இடத்தில் அதே அளவில் முழுக் கறுப்பு உருளை ஒன்றை நீங்களே வைத்துவிடுங்கள். அது கண்ணுக்குத் தெரியாது, பின்னால் வரும் மெய்நிகர்த் தூணை மட்டும் கத்தரித்துவிடும்.

அப்பத்தா சொன்ன 'ஆடுது' என்பது நல்ல தகவல். அதில் இரண்டு ஆட்டம் கலந்திருக்கலாம்.

ஒன்று, தலை திரும்பும்போது வரும் ஆட்டம். தலையை விநாடிக்கு 100 டிகிரி வேகத்தில் திருப்புவது சாதாரண விஷயம், யாராவது கூப்பிட்டால் அப்படித்தான் திரும்புவோம். தலை அசைந்ததற்கும் படம் மாறுவதற்கும் இடையே 20 மில்லி விநாடி தாமதம் இருந்தால் 2 டிகிரி பிசகு. 2 மீட்டர் தூரத்தில் அது 7 சென்டிமீட்டர். இதைச் சமாளிக்க, படம் வரைந்து முடிந்த பிறகு கடைசி நொடியில் தலை இருக்கும் நிலைக்கு ஏற்ப அதை மறுபடி நகர்த்தித் திருத்தும் ஏற்பாடு ஹெட்செட்டில் உண்டு. எந்தப் பிக்சல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தத் திருத்தம் சரியாக வரும். அந்தத் தூரக் கணக்கு டெப்த் பஃபரில் இருக்கிறது. உங்கள் எழுத்துப் பலகை ஊடே தெரியும் வகை ஷேடரில் (பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சிறு நிரல்) இருந்தால், அது வழக்கமாக டெப்த் பஃபரில் எதையும் எழுதாது. அப்போது உங்கள் எழுத்தைப் பின்னால் இருக்கும் தூணின் தூரத்தில் இருப்பதாக நினைத்து ஹெட்செட் நகர்த்தும். தூண் ஆடாது, எழுத்து ஆடும். அப்பத்தா குறிப்பாக எழுத்தைச் சொன்னதால் எனக்கு இதுதான் காரணம் என்று படுகிறது. டெப்த்தை ஹெட்செட்டுக்கு அனுப்பும் அமைப்பை இயக்குங்கள், எழுத்தின் ஷேடரை டெப்த் எழுதும்படி மாற்றுங்கள்.

இரண்டாவது, மெல்ல நகர்ந்துபோகும் ஆட்டம். ஹெட்செட் தன் இடத்தைக் கேமராவில் தெரியும் மூலைகள், கறைகள், விரிசல்கள் போன்ற அடையாளங்களை வைத்தும், உள்ளே இருக்கும் அசைவு உணரிகளை வைத்தும் கண்டுபிடிக்கிறது. மகால் இதற்குக் கொஞ்சம் கஷ்டமான கட்டடம். வழவழவென்ற வெள்ளைச் சுதையில் அடையாளம் குறைவு. தூண்கள் ஒன்றுபோல் வரிசையாக நிற்கின்றன, நாலாவது தூணை அஞ்சாவது என்று கருவி நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. போதாததற்குச் சுற்றுலாக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். முற்றத்து வெயிலில் இருக்கும் அகச்சிவப்பு ஒளி ஆழம் அளக்கும் உணரியையும் குழப்பும். எனவே தொடங்கும் இடத்தில் ஒரு ஸ்டாண்டில் அச்சிட்ட க்யூஆர் பலகை வையுங்கள், பார்ப்பவர் முதலில் அதைப் பார்த்துவிட்டு நகரட்டும். சுவரில் எதையும் ஒட்டாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட கட்டடம். எல்லாத் தூணையும் ஒரே நங்கூரத்தில், அதாவது உருவங்களை உண்மையான இடத்தோடு பிணைக்கும் ஒரே குறிப்புப் புள்ளியில், கட்டிவிடாதீர்கள். நங்கூரத்தின் திசையில் 1 டிகிரி பிசகினால் 10 மீட்டர் தள்ளி இருக்கும் தூண் 17 சென்டிமீட்டர் விலகி நிற்கும். நங்கூரத்தில் இருந்து 3 மீட்டருக்குள் பொருள் இருக்கும்படி பல நங்கூரங்களாகப் பிரியுங்கள்.

பார்வை அகலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தேர்வாளர்கள் கேட்பார்கள். உங்களுடையது போலக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் வகை ஹெட்செட்டுகளில், ஹோலோலென்ஸ் 2ல் மூலைக்கு மூலை 52 டிகிரி, மேஜிக் லீப் 2ல் 70 டிகிரி. மனிதக் கண்ணுக்குக் கிடைமட்டத்தில் மட்டும் 200 டிகிரி அளவுக்கு இருக்கிறது. 52 டிகிரி என்பது உயரவாக்கில் சுமார் 29 டிகிரிதான். 2 மீட்டர் தள்ளி நின்றால் ஒரு மீட்டர் உயரத்துக்குத்தான் படம் தெரியும். 12 மீட்டர் உயரத் தூண் முழுசாகத் தெரிய 23 மீட்டர் பின்னால் போக வேண்டும். அதனால் முழு அளவுத் தூணோடு ஆரம்பிக்காதீர்கள். முதலில் இடுப்பு உயரத்தில் மொத்த அரண்மனையின் சிறு மாதிரியைக் காட்டுங்கள். அதைச் சுற்றி நடந்து பார்க்கட்டும். 'இப்போது நாம் நிற்பது இங்கே' என்று ஒரு புள்ளியைக் காட்டிவிட்டு அப்புறம் பெரிய தூணுக்குப் போங்கள். மனதில் முழு உருவம் ஏறிய பிறகு பாதி தெரிந்தாலும் மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும்.

அந்த மாதிரியை எவ்வளவு அருகில் வைக்கலாம்? பஸ் ஜன்னலில் உங்கள் முகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் இருப்பதாகத் தெரியும் இல்லையா, அதுபோல ஹெட்செட்டின் ஒளியும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருந்து வருவதாகக் கண் எடுத்துக்கொள்ளும். ஹோலோலென்ஸில் அது சுமார் 2 மீட்டர். நீங்கள் பொருளை 40 சென்டிமீட்டரில் வைத்தால் இரண்டு கண்ணும் 40 சென்டிமீட்டருக்கு உள்நோக்கித் திரும்பும், கண் வில்லையோ 2 மீட்டரில் குவியும். இந்த முரண்பாடு அஞ்சு நிமிஷத்தில் தலைவலியாக மாறும். கீழடிப் பானை ஓட்டைக் கையில் வைத்துப் பார்ப்பது போல ஒரு காட்சி செய்ய எனக்கும் ஆசைதான், ஆனால் இந்தக் கருவிகளில் அதைத் தவிர்க்கிறேன். 1.25 மீட்டரில் இருந்து 5 மீட்டருக்குள் வையுங்கள். வெள்ளெழுத்து உள்ள பெரியவர்களுக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது. தூரப் பார்வை நன்றாக இருந்தால், வாசிக்கும் கண்ணாடி இல்லாமலே அவர்கள் இதில் எழுத்தைப் படித்துவிடுவார்கள். ஆட்டம் நின்றதும் அப்பத்தாவிடம் மறுபடி கொடுத்துப் பாருங்கள்.

தமிழ் உடைவது உங்கள் ஃபாண்ட் கோளாறு இல்லை. 'சொக்கநாதர்' என்பதில் சொ என்பது கணினியில் ச, அதற்கு அடுத்து ஒகரக் குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. ஒற்றைக்கொம்பை ச-வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது எழுத்தை வடிவமைக்கும் நிரலின் வேலை. 'தூண்' என்பதில் தூ-வைத் தனி வடிவமாக மாற்றுவதும் அதே வேலைதான். போனிலும் பிரவுசரிலும் இது தானாக நடந்துவிடுவதால் நாம் கவனிப்பதில்லை. இத்தகைய காட்சிகளை உருவாக்கும் யூனிட்டி மென்பொருளில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ இந்த வேலையைச் செய்வதில்லை, குறியீடுகளை வந்த வரிசையில் அடுக்கிவிடும். ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரலை இணைக்கலாம். ஒரு மாத அவகாசத்தில் அது தேவையில்லை. உங்களுக்கு இருபது முப்பது பெயர்ப் பலகைதானே, அவற்றைக் கணினியில் சரியாக எழுதிப் பின்னணி இல்லாத படமாக எடுத்து ஒட்டிவிடுங்கள். ஆங்கில எழுத்துக்குச் சொல்லும் அளவைத் தமிழுக்கு அப்படியே எடுக்காதீர்கள். ன, ண வித்தியாசம் ஒரு சுழியில் இருக்கிறது, அந்தச் சுழி கரைந்தால் எல்லாம் போச்சு. நான் 2 மீட்டரில் 3.5 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைத்து வைப்பதில்லை. கொஞ்சம் தடித்த எழுத்து, வெள்ளை நிறம், பின்னால் உண்மையிலேயே இருட்டாக இருக்கும் இடம். கறுப்புப் பலகை வைத்து அதன் மேல் எழுதினால் பலகை தெரியாது, எழுத்து மட்டும் சுவர் மேல் தொங்கும்.

அப்புறம் மாடலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மகால் 1636ல் கட்டப்பட்டது. இன்று நிற்பது அதில் கால் பங்கு அளவுதான் என்கிறார்கள். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். மிஞ்சியதைச் சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் 1866 முதல் 1872 வரை பழுதுபார்க்க வைத்தார். விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்தில் துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கும் கல்தூண்களும் அந்த அரண்மனையின் மிச்சம்தான் என்பார்கள். ஆக, நீங்கள் எழுப்பும் கட்டடத்தில் நிச்சயமாகத் தெரிந்த பகுதியும் இருக்கிறது, ஊகமும் இருக்கிறது. நிற்கும் தூணை அளந்து செய்த தூணை முழு உருவமாகக் காட்டுங்கள். ஊகித்ததை வெறும் ஒளிக்கோடாக, ஓரங்களை மட்டும் வரைந்து காட்டுங்கள். பார்ப்பவர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நம் ஊர் வரலாற்றில் அந்த அளவுக்காவது நாம் கவனமாக இருக்க வேண்டும். இந்தக் கருவிக்கும் அது ஒத்துவரும். மெல்லிய பிரகாசமான கோடு வெளிச்சத்தில் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு, சாயம் பூசிய பெரிய பரப்பு தாக்குப்பிடிப்பதில்லை. பத்துத்தூண் சந்துக்கே ஹெட்செட்டோடு போகலாமா என்று யோசித்தால், வேண்டாம். டூவீலர் போகிற சந்து அது. மகாலுக்குள் இருந்தே அந்தத் திசையில் கோடு நீளட்டும்.

கேமரா வழியாகக் காட்டும் வகை ஹெட்செட்டுக்கு மாறலாமா என்றும் தோன்றியிருக்கும். குவெஸ்ட் 3, விஷன் புரோ எல்லாம் அந்த வகை. அதில் கண்ணுக்கு எதிரே இருப்பது மூடிய திரை, வெளியுலகமே படமாகத்தான் வருகிறது. அதனால் கறுப்பு கறுப்பாகவே தெரியும், நிழல் விழும், தூண் சுவரை முழுசாக மறைக்கும், பின்னணி வெயிலாக இருந்தாலும் தூண் மறைந்துபோகாது. பதிலுக்கு, உலகமே கொஞ்சம் தாமதமாக வரும். விஷன் புரோவில் அது 12 மில்லி விநாடி என்று ஆப்பிள் சொல்கிறது. மண்டபத்தின் அரையிருட்டில் கேமராப் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். முகத்தில் அரைக் கிலோவுக்கு மேல் பாரம் வேறு. முற்றத்தில்தான் காட்டியாக வேண்டும் என்றால் இந்த வகையை இரவல் வாங்குங்கள். எனக்கென்னவோ மகாலின் உண்மையான தூணைச் சொந்தக் கண்ணால் பார்த்துக்கொண்டே பக்கத்தில் ஒளித்தூண் எழும்புவதுதான் பிடிக்கும். கேமரா வழியாகப் பார்த்தால் இரண்டும் படம்.

உங்களிடம் இருக்கும் கருவியோடு போவதாக இருந்தால், தேர்வாளர்களிடம் இப்போதே பேசி இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், நேரம் 11 மணியாகவே இருக்கட்டும். வாசலில் இருந்து முற்றத்தைக் கடந்து நேரே உள்மண்டபத்துக்கு அழைத்துப் போங்கள். வெயிலில் இருந்து வந்த கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிஷமாவது ஆகும், அந்த நேரத்தில் அரண்மனைக் கதையைச் சொல்லுங்கள். முற்றத்துக்கு முதுகு இருக்கும்படி நிற்க வைத்து, அப்புறம் ஹெட்செட்டைக் கையில் கொடுங்கள்.